மிருதங்கத்தைப் பரணில் ஏற்ற வேண்டாம்

கேள்வி: என் மகன் படிவம் 4, அறிவியல் பிரிவில் படிக்கிறான். கோயில் மண்டபத்தில் மிருதங்கமும் கற்கிறான். அரையாண்டுத் தேர்வில் கூடுதல் கணிதத்தில் புள்ளி சரிந்துவிட்டது. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் கணவர், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடியும்வரை மிருதங்கத்தைப் பரணில் போடு என்கிறார். என் நாத்தனாரோ, மொசார்ட் இசையைக் கேட்டுக்கொண்டே படித்தால் மூளை வளரும் என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அன்புச் சகோதரி, நாத்தனார் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். 1993இல் அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. மொசார்ட்டின் இரட்டைப் பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்டவர்கள், தாளை மனத்துக்குள் மடித்து வெட்டிப் பார்ப்பது போன்ற புதிர்களைச் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலன் கால் மணி நேரத்துக்குள் கரைந்துவிட்டது. அதில் குழந்தைகள் யாருமே இல்லை. ஆனாலும் பேச்சு எங்கேயோ போய்விட்டது. 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க நிதி கேட்டார்! பிறகு செய்து பார்த்த பலருக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. கிடைத்த இடத்திலும், பிடித்த இசையைக் கேட்டு மனம் உற்சாகமானதே காரணம் என்று தெரிந்தது.

சரி, கேட்பது போகட்டும், இசை கற்றால் கணக்கு வருமா? 2020இல் சாலா, கோபே என்ற இரு ஆய்வாளர்கள் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒழுங்காகத் திட்டமிட்டுச் செய்த ஆய்வுகளில், இசைப் பயிற்சியால் படிப்போ அறிவுத்திறனோ கூடியதாகத் தெரியவில்லை. ஆகவே, மிருதங்கம் வாசித்தால் புள்ளி ஏறும் என்று கணவரிடம் வாதாடாதீர்கள். நாளைக்கு ஏறாவிட்டால் பழி மிருதங்கத்தின் மேல்தான் விழும்.

நான் மிருதங்கத்துக்காகப் பேசுவது வேறு காரணத்தால். உங்கள் மகன் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து சிந்திக்கிறான். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, 8 அட்சரம் என்ற எண்ணிக்கை, ஒவ்வொன்றையும் நாலாகப் பிரித்தால் 32 மாத்திரை. 10 மாத்திரை வரும் தாளச் சொற்கோவையை, அதாவது சொற்கட்டை, மூன்று முறை வாசித்து, நடுவில் இரண்டு இடத்திலும் ஒவ்வொரு மாத்திரை விட்டால் 32 நிரம்பி, அடுத்த சுற்று தொடங்கும் இடமான சமத்தில் சரியாக வந்து நிற்கலாம். அதே இடத்தில் 7 மாத்திரைச் சொல்லை வைத்தால்? மூன்று முறைக்கு 21, மிச்சம் 11. இரண்டு இடைவெளிக்குச் சமமாகப் பிரிக்க வராது. ஒரு மாத்திரை தள்ளித் தொடங்கினால் மிச்சம் 10, இடைவெளி ஐந்தைந்து. முழு எண்ணில் விடை தேடும் சமன்பாடுதான் இது. பள்ளியில் தாளும் பென்சிலும் வைத்துப் போடுகிறோம், அவன் கை ஓடிக்கொண்டிருக்கும்போதே போடுகிறான். இரண்டும் ஒன்று என்று அவனுக்கே தோன்றியிருக்காது. ஒருநாள் எழுதிக் காட்டச் சொல்லுங்கள், அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இன்னொன்றும் அவனிடம் சொல்லுங்கள். மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையில் கறுப்பாக ஒரு பூச்சு இருக்கிறதே, சோறு என்பார்கள், அது ஏன் என்று கேட்டவர் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் அடிப்படை ஒலியோடு அதைப் போல 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒன்றோடொன்று சேராத அதிர்வுகள் கிளம்பும். அதனால்தான் பல பறைகளில் சுருதி தெளிவாகக் கேட்பதில்லை. நடுவில் அந்தக் கனமான பூச்சைத் தேய்த்து ஏற்றியதும் அதிர்வுகள் 2, 3, 4, 5 மடங்கு என்று ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன, தோல் பாட ஆரம்பிக்கிறது. ராமன் இதை 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார், 1934இல் விரிவாக இன்னொரு கட்டுரையும் வெளியிட்டார். நோபல் பரிசு வாங்கிய பிறகும் அவருக்கு மத்தளம் சின்ன விஷயமாகிவிடவில்லை. அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே, மாவைத் தடவித் தடவி, காதை வைத்துச் சரிபார்த்து அந்த இடத்தைக் கண்டுபிடித்த வாத்தியம் செய்கிறவர்களும் என் கணக்கில் அறிவியலாளர்களே. படிவம் 4 இயற்பியலில் அலைகள் பற்றிய பாடம் இருக்கிறது. அதைப் படிக்கும்போது மிருதங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

இனி நடைமுறை. கணவரின் கவலை நியாயமானது. தோட்டத்து வேலை தன்னோடு போகட்டும் என்று நினைக்கிற அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். கூடுதல் கணித ஆசிரியரைப் பார்த்து, எந்தப் பாடத்தில் தடுமாறுகிறான் என்று கேளுங்கள். படிவம் 4இல் இந்தப் பாடம் புதிது, முதல் ஆண்டில் சறுக்குகிற பிள்ளைகள் நிறைய. வார வகுப்பு நிற்க வேண்டாம். வீட்டில் தினமும் அரை மணி நேரப் பயிற்சி, அதுவும் படிப்பு முடிந்த பிறகு. திருவிழா, கல்யாணக் கச்சேரி என்று இரவெல்லாம் கூப்பிட்டால் எஸ்.பி.எம். முடியும்வரை அனுப்பாதீர்கள். இதை அவன் குருவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். படிக்கும்போது பாட்டு வேண்டாம், முக்கியமாக வரிகள் உள்ள பாட்டு. வாசிக்கிற சொல்லும் காதில் விழுகிற சொல்லும் மோதும். நாத்தனாருக்கு ஆசை இருந்தால், மொசார்ட்டைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருமாகக் கேளுங்கள், நல்ல இசை அது.