ஜெர்மனியில் முதன்முறை ஸ்டீயரிங் பிடிப்பவர்களுக்கு: கேள்வி பதில்

மதுரையில் 8 வருடம், ஷ்டுட்கார்ட்டில் 11 வருடம் கார் ஓட்டியிருக்கிறேன். இங்கே லைசென்ஸ் தேர்வில் ஒரு தடவை தோற்று மறு தடவை தேறியவள். அதனாலோ என்னவோ, புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் என்னிடமே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுகிறவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, அடுத்த மாதம் கோவையிலிருந்து வேலைக்கு வருகிறேன். என் இந்திய லைசென்ஸ் அங்கே செல்லுமா?

செல்லும், ஆனால் இங்கே குடியேறிய நாளிலிருந்து 6 மாதம்தான். அதற்கு மேல் ஒரு நாள் ஓட்டினாலும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்கு. அது அபராதத்தோடு முடிகிற விஷயம் இல்லை, குற்ற வழக்கு. "எனக்குத்தான் ஊரில் 15 வருட அனுபவம் இருக்கிறதே" என்றால் போலீஸ் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வழக்கும் போடும்.

ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். அதையும் அசல் லைசென்ஸையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். அசல் இல்லாமல் அனுமதிப் புத்தகத்தை மட்டும் காட்டினால் அதற்கு மதிப்பில்லை.

6 மாதத்துக்குள் ஜெர்மன் லைசென்ஸ் எடுக்க வேண்டும். சில நாட்டுக்காரர்களுக்குத் தேர்வு இல்லாமலே மாற்றித் தருகிறார்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆகவே கண் பரிசோதனை, முதலுதவி வகுப்பு, எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு எல்லாம் உண்டு. ஒரே சலுகை, இத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை. அலுவலகத்தில் காகிதம் நகர வாரக்கணக்கில் ஆகும். வந்த மாதமே விண்ணப்பித்துவிடுங்கள்.

இடப்பக்கம் ஓட்டியே பழகிவிட்டது. வலப்பக்கம் மாறும்போது குழம்பாதா?

குழம்பும், ஆனால் நீங்கள் பயப்படுகிற இடத்தில் இல்லை. போக்குவரத்து இருக்கும்போது முன்னால் போகிறவன் பின்னாலேயே போய்விடுவீர்கள். ஆளே இல்லாத சாலைதான் ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வந்து திரும்பும்போது கை தன் பாட்டுக்கு ஊர்ப் பக்கம் போய்விடும். நான் ஒரு நினைவு வைத்திருந்தேன்: ஓட்டுகிறவர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும். ஊரிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். நீங்கள் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றினால் தப்பான பக்கத்தில் இருக்கிறீர்கள்.

கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் வரிசை மாறாது. கியர் வலது கைக்குப் போகும், இரண்டு நாளில் பழகிவிடும். இண்டிகேட்டர் இடப்பக்கத்தில் இருக்கும். எங்கே திரும்பினாலும் முதலில் வைப்பர்தான் ஆடும். நல்ல வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போகும் கார் எதிரே வந்தால் உள்ளே இந்தியர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. உடம்பு காரின் வலப்பக்கத்தில் உட்கார்ந்து பழகியதால், காரை அறியாமலே வலது ஓரமாக நகர்த்திக்கொண்டே போவீர்கள். நிறுத்தியிருக்கும் கார்களின் பக்கக் கண்ணாடிகளைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சிக்னலும் இல்லை, பலகையும் இல்லை. அப்படிப்பட்ட சந்திப்பில் யார் முதலில் போவது?

ஜெர்மனியில் ஓட்டுவதன் மொத்த ரகசியமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

எந்தப் பலகையும் இல்லாவிட்டால் உங்கள் வலப்பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறவருக்கே முதல் உரிமை. "ரெஷ்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ்" என்பார்கள், இடப்பக்கத்துக்கு முன் வலப்பக்கம். நீங்கள் அகலமான தெருவில் நேராகப் போகிறீர்கள், அவர் ஒரு சந்திலிருந்து வருகிறார் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. அவர் நிற்க மாட்டார். 30 கிலோமீட்டர் வேகம் போட்ட குடியிருப்புத் தெருக்களில் பெரும்பாலும் இந்த விதிதான். ஒவ்வொரு சந்துக்கும் வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் எட்டிப் பார்த்துத்தான் கடக்க வேண்டும். மஞ்சள் சாய்சதுரப் பலகை இருந்தால் நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள், அங்கே தயங்காமல் போகலாம்.

நம் ஆட்கள் தடுமாறுவது இந்தத் தயங்காமல் போவதில்தான். ஊரில் நாம் எதிராளியின் முகத்தைப் பார்த்து ஓட்டுகிறோம். அவன் விடுவானா, மாட்டானா, ஹாரன் அடித்தால் நிற்பானா என்று கணத்துக்குக் கணம் பேரம். இங்கே பேரம் இல்லை. உரிமை யாருக்கோ அவர் போவார் என்று எல்லாரும் நம்பி ஓட்டுகிறார்கள். வந்த புதிதில் ஒரு முன்னுரிமைச் சாலையில் போகும்போது, பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டி காரோடு காத்திருந்தார். பாவம், போகட்டும் என்று நிறுத்தினேன். பின்னால் வந்த வண்டி கிறீச்சென்று என் பம்பரை முத்தமிடாத குறை. பாட்டியும் நகரவில்லை, என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். விட்டுக்கொடுப்பது இங்கே பண்பு இல்லை, குழப்பம்.

வேடிக்கை என்னவென்றால், நாலு திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் நாலு கார் வந்து நின்றால் இந்த விதியே முடங்கிவிடும். ஒவ்வொருவருக்கும் வலப்பக்கம் ஒருவர் இருப்பாரே! அப்போது யாராவது கையசைத்து வழிவிட வேண்டும். அன்றைக்கு ஜெர்மானியர்கள் திருதிருவென்று விழிக்க, நம் மதுரை வித்தை கைகொடுக்கும்.

ஜெர்மன் விரைவுச்சாலையான ஆட்டோபானில் வேக வரம்பே கிடையாதாமே? ஆகனில் படிக்கிறேன், நண்பர்களோடு வாடகைக் கார் எடுக்கப்போகிறோம்.

தம்பி, ஆர்வம் புரிகிறது. பொதுவான வரம்பு இல்லை என்பது உண்மை. 130 பரிந்துரை வேகம். ஆனால் பல பகுதிகளில் வரம்புப் பலகை இருக்கும், சாலைப் பணி நடக்கும் இடங்களில் 80, 60 என்று இறங்கும். நெரிசலில் பாதிப் பயணம் போய்விடும். 200-ல் பறக்கும் காட்சியெல்லாம் அபூர்வம்.

வேகத்தைவிட வேக வித்தியாசத்துக்குத்தான் பயப்பட வேண்டும். நீ 110-ல் போய்க்கொண்டு, ஒரு லாரியைத் தாண்ட இடது தடத்துக்கு வருகிறாய் என்று வை. கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்த கார் 200-ல் வந்தால் நீ தடம் மாறி முடிப்பதற்குள் முதுகில் இருக்கும். ஆகவே கண்ணாடியைப் பார், தோளைத் திருப்பிப் பார், மறுபடி கண்ணாடியைப் பார், அப்புறம் மாறு. தாண்டியதும் வலப்பக்கம் திரும்பி வந்துவிடு. இடது தடம் தாண்டுவதற்கு மட்டும், உலாவுவதற்கு இல்லை. வலப்பக்கமாக முந்துவது தடை. சென்னை புறவழிச்சாலையில் லாரி வலது தடத்தில் நின்று நிதானமாக ஊர்ந்துகொண்டிருக்க, நாம் இடப்பக்கமாக நுழைந்து போவோமே, அந்தப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடு.

முன் வண்டிக்கும் உனக்கும் நடுவே, வேகத்தில் பாதி எண்ணிக்கை மீட்டர் இடைவெளி வேண்டும். 120-ல் போனால் 60 மீட்டர். ஆட்டோபானில் தேவையில்லாமல் நிற்கக் கூடாது. பெட்ரோல் தீர்ந்து நின்றால் அதுவும் உன் தவறுதான், அபராதம் உண்டு.

நெரிசலில் எல்லாரும் திடீரென்று ஓரம் ஒதுங்குகிறார்களே, எதற்கு?

ஆம்புலன்சுக்கு வழி. ஆம்புலன்ஸ் வந்த பிறகு ஒதுங்குவது இல்லை. ஆட்டோபானில் வேகம் நடை வேகமானாலோ வண்டிகள் நின்றாலோ அப்போதே வழி திறந்துவிட வேண்டும். இடது ஓரத் தடத்தில் இருப்பவர்கள் இடப்பக்கமாக ஒட்டுவார்கள், மற்ற எல்லாத் தடமும் வலப்பக்கமாக ஒட்டும். மூன்று தடச் சாலையில் நடுத் தடமும் வலப்பக்கம்தான், அதை மட்டும் நினைவில் வையுங்கள். வழி விடாவிட்டால் 200 யூரோ அபராதம், லைசென்ஸ் கணக்கில் 2 தண்டனைப் புள்ளி, ஒரு மாதம் ஓட்டத் தடை. முதன்முறை இதைப் பார்த்தபோது, யாரும் சொல்லாமலே நூற்றுக்கணக்கான கார்கள் இரண்டாகப் பிளந்து வழிவிட்டதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மகளே, எனக்கு 64 வயது. மூன்று மாதம் மகன் வீட்டுக்கு வருகிறேன். அவன் காரை நான் ஓட்டலாமா?

தாராளமாக ஓட்டலாம் ஐயா. சுற்றுலாவாக வருகிறவர்களுக்கு மேலே சொன்ன தேர்வெல்லாம் கிடையாது, லைசென்ஸும் சர்வதேச அனுமதியும் போதும். ஆனால் ஒரு வேலை இருக்கிறது. இங்கே பல கார் காப்பீடுகளில் யார் யார் ஓட்டலாம் என்று எழுதியிருக்கும். மகனை உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். பேரக்குழந்தையை ஏற்றுவதானால் 12 வயது வரை, அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் வரை, குழந்தை இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொள்கிற பேச்சே இல்லை.

ரவுண்டானா?

நம் ஊருக்கு எதிர்த் திசையில் சுற்றும். உள்ளே இருப்பவருக்கு முதல் உரிமை என்று நுழைவில் பலகை இருக்கும். நுழையும்போது இண்டிகேட்டர் போடாதீர்கள், வெளியேறும்போது போடுங்கள்.

ஓட்டுத் தேர்வில் இரண்டு தடவை தோற்றுவிட்டேன் அக்கா. 12 வருடம் சென்னையில் ஓட்டியவன். அவமானமாக இருக்கிறது.

அந்த 12 வருடம்தான் காரணம், உங்கள் திறமை இல்லை. கண்ணாடியில் பார்த்துவிட்டோமே என்று தோளைத் திருப்பாமல் விட்டுவிடுவோம். நான் தோற்றதும் அதில்தான். சிக்னலில் வலப்பக்கம் திரும்பினேன். என் வலது தோளுக்குப் பின்னால் சைக்கிள் பாதை. சைக்கிள் எதுவும் வரவில்லை, ஆனால் நான் பார்க்கவில்லையே. பயிற்சியாளர் பிரேக்கை மிதித்தார், தேர்வு முடிந்தது. வந்திருந்தால்? வலப்பக்கம் திரும்பும் கார், நேராகப் போகும் சைக்கிளுக்கு வழிவிட வேண்டும். திரும்பும் தெருவைக் கடக்கும் நடையாளுக்கும் அப்படித்தான்.

தேர்வில் தலையை நன்றாகத் திருப்புங்கள். பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கும் தேர்வாளருக்கு உங்கள் கழுத்து அசைவது தெரிய வேண்டும். அவர் எதுவும் சொல்லாவிட்டால் நேராகப் போக வேண்டும் என்று பொருள். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், ஓட்டுத் தேர்வில் பேச்சு ஜெர்மனில். லிங்க்ஸ் இடம், ரெஷ்ட்ஸ் வலம். பதற்றத்தில் இதுவே மாறிப்போகும், கையில் எழுதிக்கொண்டவர்களும் உண்டு.

பார்க்கிங்கில் நீலப் பலகையில் கடிகாரம் மாதிரி ஒரு படம் இருக்கிறது. காசு போடும் எந்திரம் காணோம்.

அங்கே காசு இல்லை, அட்டைக் கடிகாரம் வைக்க வேண்டும். வந்த நேரத்துக்கு அடுத்த அரைமணிக் கோட்டில் முள்ளை வையுங்கள். 10:10-க்கு வந்தால் 10:30. 20 நிமிடம் இலவசமாகக் கிடைக்கும், சட்டப்படியே.

இதோடு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை. நிறுத்தியிருக்கும் காரை உரசிவிட்டால் கண்ணாடியில் போன் நம்பர் எழுதிச் செருகிவிட்டுப் போய்விடாதீர்கள். நமக்கு அது நேர்மை. சட்டத்துக்கு அது விபத்து செய்துவிட்டு ஓடியது. உரிமையாளருக்காகக் காத்திருங்கள். வரவில்லையென்றால் போலீசுக்குச் சொல்லுங்கள், எண் 110.

வாடகைக் கார் திருப்பிக் கொடுத்து ஒரு மாதம் கழித்து என் முகம் பதிந்த படத்தோடு கடிதம் வந்திருக்கிறது!

கேமரா. சாலையோரம் ஒரு சிவப்பு மின்னல் பார்த்திருப்பீர்களே. 100-க்குக் கீழே ஓட்டினால் அளந்த வேகத்தில் 3 கிலோமீட்டர் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவார்கள், அதனால் வாதாட அதிகம் இடமில்லை. வாடகை நிறுவனம் உங்கள் முகவரியைக் கொடுத்ததற்குத் தனிக் கட்டணம் பிடிக்கும், ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும். படத்தில் கையில் போன் இருந்தால் அதற்கு வேறு 100 யூரோவும் ஒரு புள்ளியும். கட்டிவிடுங்கள்.

டிசம்பரில் காரில் சுவிட்சர்லாந்து போகலாமா?

போகலாம். சக்கரத்தில் மலையும் பனிச்சில்லும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் குளிர்கால டயர். வாடகைக்கு எடுக்கும்போது வாய்விட்டுக் கேளுங்கள். சுவிஸ் நெடுஞ்சாலையில் ஏற வருடச் சீட்டு ஒன்றுதான் உண்டு, 40 பிராங்க். ஒரே நாளுக்குப் போனாலும் அதே விலை. வாங்காமல் மாட்டினால் 200 பிராங்க் அபராதம், அதன் மேல் சீட்டின் விலையும். முதல் தடவை பனியில் ஓட்டுகிறவர் என்றால் மட்டும் என் அபிப்பிராயம் வேறு: ரயிலில் போங்கள்.

ஹாரன் அடிக்கவே கூடாதா?

ஆபத்து என்றால் அடிக்கலாம். ஊர் எல்லைக்கு வெளியே முந்தப்போவதைத் தெரிவிக்கவும் சட்டம் இடம் தருகிறது, யாரும் அடிப்பதில்லை. 11 வருடத்தில் நான் நாலு தடவை அடித்திருப்பேன். அதில் ஒன்று, ஸ்டீயரிங் மேல் சாய்ந்து பையைத் தேடியபோது தவறி அழுத்தியது. தெருவே ஜன்னலுக்கு வந்துவிட்டது.