கத்தினால் இலை வாடாது

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ஒரு தேயிலை ஃபேக்டரி. சிறு விவசாயிகளிடம் இலை வாங்கி சிடிசி தூள் (இலையை ரோலரில் நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும் தேயிலைத் தூள்) தயாரிக்கிறோம். அப்பாவுக்குப் பிறகு நான் பார்க்கிறேன். தவறு நடந்தால் உடனே திட்டி, சம்பளத்தில் பிடித்துவிடுவேன். அப்படியும் குன்னூர் ஏலத்தில் பக்கத்து ஃபேக்டரியை விட விலை குறைவு. நல்ல ஆட்கள் திருப்பூருக்குப் போய்விடுகிறார்கள். தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கரை மாற்றவா, மெஷினை மாற்றவா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் அந்தச் சம்பளப் பிடித்தத்தை நிறுத்துங்கள்.

ராத்திரி ஷிஃப்டில் இலையோடு வந்த ஒரு கல் சிடிசி ரோலரின் பல்லை உடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெஷின் பார்ப்பவருக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். நிறுத்திச் சொன்னால் அவர் சம்பளத்தில் கை வைப்பீர்கள். சொல்லாவிட்டால் விடியும்வரை ஓடும். இலை சீராக வெட்டுப்படாது, நொதிப்பதும் சீராக இருக்காது. அந்தத் தூள் மூட்டையாகி, புரோக்கர் ருசி பார்த்து, ஏலத்தில் விலை விழும்போது வாரங்கள் ஓடியிருக்கும். எந்த ரோலர், யார் ஷிஃப்ட் என்று அப்போது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

இன்று ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் ஏமி எட்மண்ட்சன், 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை இருந்த குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன! அங்கே ஆட்கள் பயமில்லாமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். உங்கள் ஃபேக்டரியிலும் கோளாறுகளை எழுதிவைக்க ஒரு நோட்டு போட்டால் முதல் சில வாரம் அவை கூடின மாதிரிதான் தெரியும். பதறாதீர்கள்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: இன்சென்டிவ் கிலோ கணக்கிலா? பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். இலையை வாட்டும் தொட்டியில் பரப்பி, காற்று கொடுத்து, ஈரத்தை 70 சதவீதம் அளவுக்கு இறக்கப் பல மணி நேரம் ஆகும். சீசனில் ஈர இலை குவியும்போது கிலோவுக்குக் காசு என்றால், அரைகுறையாக வாடினதையே ரோலருக்குத் தள்ளுவார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது, நீங்கள் வைத்த கணக்கு அப்படி. இன்சென்டிவில் ஒரு பங்கையாவது ஏல விலையோடு சேர்த்துவிடுங்கள்.

இலை ஏஜென்டிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு முற்றின இலையை உள்ளே விடுபவரை மன்னிக்கச் சொல்லவில்லை. அது திருட்டு, அதற்குத் தண்டனை இருக்கட்டும்.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ராத்திரித் தூளைக் கப்பில் ஊறவைத்து டீ மேக்கர், மெஷின் பார்ப்பவர், ட்ரையரில் நிற்பவர் எல்லோரும் குடித்துப் பார்க்கட்டும். அவரவர் சொல்லி முடித்த பிறகு நீங்கள் பேசுங்கள். கோளாறு என்று யாராவது சொன்னால் முதலில் 'எத்தனை மணிக்கு?' என்று மட்டும் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சீசன் இப்படி ஓட்டுங்கள். அந்த நோட்டில் ஒரே ரோலர் திரும்பத் திரும்ப வந்தால், அப்புறம் மெஷின் செலவைப் பற்றி யோசிக்கலாம்.