ஃபேன் சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றுமில்லை: விண்டோஸை மாற்றினால் சரியாகுமா?

காலையில் பொத்தானை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது. நாலைந்து முறை அணைத்துப் போட்டால் வந்துவிடுகிறது, அப்புறம் இரவு வரை தொந்தரவே இல்லை என்கிறீர்கள். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள். ஆகாது. உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் வரைக்கும் போகவே இல்லை.

பாளையங்கோட்டையில் அப்பாவின் கம்ப்யூட்டரும் இதையேதான் செய்தது. ஒன்பது வயதான டெஸ்க்டாப். அப்பா கவலைப்படவில்லை. "பழைய ஸ்கூட்டர் மாதிரிதான்டே, கொஞ்சம் சூடேறினாத்தான் கிளம்பும்" என்று சொல்லிக்கொண்டு, பொத்தானைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். கடைக்காரர் பெட்டியைத் திறக்காமலேயே மதர்போர்டு போய்விட்டது என்றார். பொங்கலுக்குப் போனபோது நானே ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தேன்.

முதலில், எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கம்பெனி லோகோ வந்த பிறகு 'பூட் டிவைஸ்' (விண்டோஸ் ஏற்றப்படும் டிஸ்க்) இல்லை என்று வந்தால், செருகியிருக்கும் பென் டிரைவை எடுத்துவிட்டு, பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரையில், ஹார்ட் டிஸ்க் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றால் அது சாஃப்ட்வேர் பக்கம். இரண்டு மூன்று முறை தொடர்ந்து தடைபட்டால் விண்டோஸ் 10, 11 இரண்டுமே தாமாகப் பழுதுபார்க்கும் திரைக்குப் போகும், அங்கிருந்து, அவசியமானதை மட்டும் ஏற்றும் சேஃப் மோடுக்குள் நுழையலாம். லோகோவே வரவில்லை என்றால் பெட்டியைத் திறப்பதுதான் வழி. உங்களுடையது இந்த ரகம்.

நான் ரேமில், அதாவது மதர்போர்டில் செருகியிருக்கும் நினைவகப் பட்டையில், ஆரம்பித்தேன். மின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்கி, ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பட்டைகளைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்துத் துடைத்துப் போட்டேன். உடனே ஆன் ஆனது. வீரனைப் போல ஊர் திரும்பினேன். நாலாம் நாள் அப்பாவிடமிருந்து போன். யோசித்துப் பார்த்தால், அன்று மதியம் வரை அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. சூடாக இருந்ததால்தான் வந்திருக்கிறது. ரப்பருக்கு வீண் பெயர்.

அடுத்த முறை போனபோது கடிகாரம் பழைய தேதியைக் காட்டியது. மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருந்தது. 3 வோல்ட் இருக்க வேண்டியது. புதிது போட்டதும் தேதி சரியானது, நோய் அப்படியே இருந்தது. தேதி மாறிப்போனால் அதை மாற்றுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள்.

வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் டப்பாதான் எஸ்எம்பிஎஸ். அதை நான் சந்தேகிக்கவே இல்லை. ஃபேன் சுற்றுகிறதே! போதாததற்கு, 24 பின் கனெக்டரைக் கழற்றிப் பச்சைக் கம்பியையும் ஒரு கருப்புக் கம்பியையும் பேப்பர் கிளிப்பால் இணைக்கும் சோதனையையும் செய்து பார்த்திருந்தேன். ஓடியது. அங்கேதான் ஏமாந்தேன். அந்தச் சோதனை எஸ்எம்பிஎஸ் ஆன் ஆகிறது என்று மட்டும்தான் சொல்லும், சுமை ஏறினால் தாங்குமா என்று சொல்லாது.

ஃபேன் சுற்ற 12 வோல்ட் சுமாராக வந்தாலே போதும். மதர்போர்டுக்கு அது போதாது. எல்லா வோல்டேஜும் நிலைக்கு வந்த பிறகு, எஸ்எம்பிஎஸ் சாம்பல் நிறக் கம்பி வழியாக 5 வோல்ட் அளவில் 'பவர் குட்' என்றொரு சிக்னல் அனுப்பும். பட்டன் அழுத்தி ஒரு விநாடிக்குள் அது வந்துவிட வேண்டும். அது வராதவரை பிராசசர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் சின்ன உருளைகளான கெப்பாசிட்டர்களில் உள்ள திரவம் வருடக்கணக்கில் உலர்ந்துபோகும். அப்போது அவற்றின் உள் தடை கூடி வோல்டேஜ் அலைபாயும். குளிர்ந்திருக்கும்போது அந்தத் தடை இன்னும் அதிகம், சூடேறச் சூடேறக் குறையும். நாலைந்து முறை போட்டு அணைப்பது வேறொன்றுமில்லை, அவற்றைச் சூடாக்குகிற வேலைதான்.

சித்தி பையன் வீட்டு எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி வந்து மாட்டினேன். மறுநாள் காலை, முதல் அழுத்தலிலேயே லோகோ. மல்டிமீட்டர் இருந்தால் நீங்களே அளக்கலாம்: மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை, சிவப்புக் கம்பியில் 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்க வேண்டும். காலையில் முதல் முறை போடும்போது, மதர்போர்டில் மாட்டிய நிலையிலேயே அளக்க வேண்டும், மதியம் அளந்து பயனில்லை. இல்லையென்றால் என்னைப் போல யாரிடமாவது ஒன்றை இரவல் வாங்கிப் பாருங்கள்.

ஒன்று மட்டும்: எஸ்எம்பிஎஸ் டப்பாவைத் திறக்காதீர்கள். நம் 230 வோல்ட் உள்ளே போய் 320 வோல்ட்டுக்கு மேல் நேர்திசை மின்சாரமாக (டிசி) சேர்ந்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். முழுசாக மாற்றிவிடுவதே நல்லது. எஸ்எம்பிஎஸ் மாற்றியும் வரவில்லை என்றால்தான் மதர்போர்டு மேல் கை வைக்க வேண்டும். அதன் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

கெப்பாசிட்டர் கதையை அப்பாவிடம் விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "நான் அன்னைக்கே சொன்னேம்லா, சூடேறணும்னு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தார்.