ஊரிலிருந்து வரும் பெற்றோர், இரண்டு சிறு பிள்ளைகளுடன் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறோம். முகவர் இல்லாமல் இணையத்திலேயே பதிவு செய்ய எங்கே தொடங்குவது? பெற்றோருக்கு அங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா?

நாங்கள் டாலஸில் வசிக்கிறோம். மதுரையிலிருந்து வந்திருந்த என் அம்மா அப்பாவையும், 8 வயதும் 4 வயதும் ஆன பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு பிப்ரவரியில் போய்வந்தோம். எல்லாப் பதிவுகளையும் நானே இணையத்தில் செய்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்: நுழைவுச்சீட்டிலிருந்து தொடங்காதீர்கள், தங்கும் அறையிலிருந்து தொடங்குங்கள்.

காரணம், அங்கே முக்கியமான பதிவுகள் நாள் எண்ணித் திறக்கின்றன. உணவகங்களில் இடம் பிடிக்க 60 நாட்களுக்கு முன்பிருந்து அனுமதி உண்டு. டிஸ்னியின் சொந்த விடுதியில் அறை எடுத்தவர்கள், வந்து சேரும் நாளுக்கு 60 நாட்கள் இருக்கும்போதே, தங்கப்போகும் நாட்களில் 10 நாட்கள் வரைக்குமான உணவக இடங்களை ஒரே காலையில் பிடித்துவிடலாம். வெளி விடுதியில் தங்குபவர்கள் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகக் காத்திருக்க வேண்டும். நீண்ட வரிசையைத் தவிர்க்கப் பணம் கொடுத்து வாங்கும் லைட்னிங் லேன் மல்டி பாஸும் அப்படித்தான்: விடுதி விருந்தினருக்கு வருகைக்கு 7 நாட்கள் முன்பு முழுப் பயணத்துக்கும் திறக்கும், மற்றவர்களுக்கு அந்தந்த நாளுக்கு 3 நாட்கள் முன்புதான் திறக்கும். ஆகவே எங்கே தங்குகிறீர்கள், எந்தத் தேதியில் நுழைகிறீர்கள் என்ற இரண்டும் உறுதியானால்தான் மற்றவற்றை நாட்காட்டியில் குறிக்க முடியும்.

ஆறு பேருக்கு நான் தேர்ந்தெடுத்தது டிஸ்னியின் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் விடுதியின் குடும்ப அறை. ஆறு பேர் படுக்கலாம், இரண்டு குளியலறைகள் உண்டு. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டிய வீட்டில் அந்த இரண்டாவது குளியலறையின் அருமை தெரியும். அங்கிருந்து ஸ்கைலைனர் என்ற கம்பிவடப் பெட்டியில் ஏறினால் எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் ஆகிய இரண்டு பூங்காக்களுக்கும் போய்விடலாம். மற்ற இரண்டு பூங்காக்களான மேஜிக் கிங்டமுக்கும் அனிமல் கிங்டமுக்கும் பேருந்து. விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு முன்பு இலவசப் பேருந்து இருந்தது; 2022 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள், அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லைட்னிங் லேன் பற்றி ஒரு எச்சரிக்கை. காலை 7 மணிக்குத் திறக்கும் என்று எழுதியிருப்பது அமெரிக்கக் கிழக்கு நேரம். டாலஸில் அப்போது 6 மணி. நான் இதைக் கவனிக்காமல் டாலஸ் நேரப்படி 7 மணிக்குக் காபியும் மடிக்கணினியுமாக உட்கார்ந்தபோது ஒரு மணி நேரம் கடந்துவிட்டிருந்தது. என் மகன் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த ஸ்லிங்கி டாக் டாஷ் என்ற சவாரிக்கு, நாங்கள் அறைக்குத் திரும்பிவிட நினைத்திருந்த இரவு நேரம் மட்டுமே மீதி இருந்தது. அவனிடம் அதைச் சொல்லும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. குடும்பத்தார் அனைவரின் பெயர்களையும் வயதையும் முந்தைய நாளே டிஸ்னியின் செயலியில் சேர்த்து, நுழைவுச்சீட்டுகளையும் அவரவர் பெயரில் இணைத்துவிடுங்கள். காலையில் அதைச் செய்துகொண்டிருக்க நேரம் இருக்காது. மல்டி பாஸ் ஆளுக்கு ஒன்றாக வாங்குவது. வேகமான சவாரிகளில் ஏறாத பெற்றோருக்கு வாங்காமல் விடலாம். அவதார் பறக்கும் சவாரி போன்றவற்றுக்கு 44 அங்குல உயரம் வேண்டும், சின்னவளுக்கு அது இல்லை. தாத்தா பாட்டியிடம் அவளை விட்டுவிட்டு நாங்கள் மூவரும் ஒன்றாக ஏறினோம்.

நுழைவுச்சீட்டுக்குத் தேதியைப் பொறுத்து விலை மாறும். 3 வயது நிரம்பாத குழந்தைக்குச் சீட்டு வேண்டாம்; 10 வயதிலிருந்து பெரியவர் கட்டணம். பூங்காக்கள் நான்கு, ஆகவே 4 நாள் சீட்டு எடுக்கத் தோன்றும், எடுங்கள், ஆனால் நான்கு நாட்களையும் தொடர்ச்சியாக வைக்காதீர்கள். அந்தச் சீட்டை 7 நாட்களுக்குள் எந்த நான்கு நாட்களில் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இரண்டாம் நாள் முடிவில் அம்மாவின் கால்கள் வீங்கியிருந்தன. மூன்றாம் நாளை ஓய்வுக்கென்று ஒதுக்கியிருந்ததால்தான் மீதி இரண்டு நாட்களும் அவரால் எங்களோடு வர முடிந்தது. சக்கர நாற்காலியைப் பூங்கா வாசலில் வாடகைக்குத் தருகிறார்கள், ஆனால் முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கே கிடைக்கும். விடுதிக்கே கொண்டுவந்து தரும் வெளி நிறுவனங்களில் முன்கூட்டியே பதிவு செய்வது பாதுகாப்பு.

எந்த மாதம் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஊரிலிருந்து பெற்றோர் பெரும்பாலும் கோடையில்தான் வருகிறார்கள், ஆனால் ஃபுளோரிடாவின் கோடை முதியவர்களுக்கு உகந்ததல்ல. வெயிலும் புழுக்கமும் ஒருபுறம், பிற்பகல் இடிமழை ஒருபுறம், ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். முடிந்தால் பிப்ரவரியைப் பாருங்கள், மூன்றாம் திங்கட்கிழமை விடுமுறையை ஒட்டிய வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பெற்றோரின் விசாவும் உடல்நிலையும் உறுதியாகும்வரை அறையை மட்டும் தனியாகப் பதிவு செய்யுங்கள். அறையும் சீட்டும் சேர்ந்த தொகுப்புக்கு 200 டாலர் முன்பணம் போதும் என்பது கவர்ச்சியாகத் தெரியும், ஆனால் 30 நாட்களுக்கு முன்பே முழுத் தொகையையும் கட்ட வேண்டும். தனி அறைக்கு ஓர் இரவு வாடகையே முன்பணம், பயணத்துக்குச் சில நாட்கள் முன்புவரை ரத்து செய்து அதைத் திரும்பப் பெறலாம்.

பெற்றோருக்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற விடுதியில் சனா என்ற உணவகம் இருக்கிறது. அந்த விடுதியில் தங்க வேண்டியதில்லை, பூங்காச் சீட்டும் தேவையில்லை, முன்பதிவு இருந்தால் போதும். ஓய்வு நாளின் மதிய உணவை அங்கே வைத்தேன். நான் ரொட்டியும் பனீர் பராட்டாவும் வகை வகையான சட்னிகளோடு வந்தன. இரண்டு நாட்களாக உருளைக்கிழங்கு வறுவலையே சாப்பிட்டுக்கொண்டிருந்த என் சைவ அம்மா நிதானமாகப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டார். சன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஓர் ஒட்டகச்சிவிங்கி வந்து நின்றது. அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அது நகரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். மதுரைக்குத் திரும்பிய பிறகு அவர் உறவினர்களிடம் காட்டும் படம் அந்த ஒட்டகச்சிவிங்கியின் படம்தான்.