மேட் வார்னிஷ் அடித்ததும் வெள்ளை பூத்துவிட்டதா? பெயிண்டைக் கரைக்காதீர்கள்

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் வீடு, மூன்று வாரம் உட்கார்ந்து தீட்டிய சூப்பர் ஹீரோ மினியேச்சர் பொம்மை, நேற்று சாயங்காலம் மொட்டை மாடியில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்பிரே அடித்ததும் சிவப்பு மேலங்கி முழுக்கத் திருநீறு பூசினாற்போல ஆகிவிட்டது, எல்லாவற்றையும் கரைத்துவிட்டு முதலிலிருந்து தீட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கீழே உங்கள் சிவப்பு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும், கடற்காற்றின் ஈரம் அதில் படிந்து வார்னிஷ் படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும், பரப்பில் நுண்ணிய குழிகள் விழும், அந்தச் சொரசொரப்பு ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. புதுச்சேரியில் எனக்கும் ஒரு ஐப்பசியில் இதேதான் நடந்தது.

தூரிகையால் பூசும் அக்ரிலிக் கிளாஸ் (gloss, பளபளப்பு தரும்) வார்னிஷ் வாங்குங்கள். முதலில் மேலங்கியின் உட்பக்கத்தில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் மெல்லிசாக ஒரு பூச்சு. அது குழிகளை நிரப்பினால் சிவப்பு திரும்பி வரும். வந்தால் முழுக்கப் பூசி ஒரு நாள் விடுங்கள். பொம்மை கண்ணாடி மாதிரி மின்னும், பயப்படாதீர்கள், அதன்மேல் தூரிகையாலேயே மேட் பூசிக்கொள்ளலாம். பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும், பளபளப்பைக் குறைக்கும் பொடி அடியில் தங்கியிருக்கும், குலுக்காமல் பூசினால் மறுபடி வெள்ளைத் திட்டு வரும். அப்புறமும் மடிப்புகளில் வெளிறல் இருந்தால், சிவப்பைத் தண்ணீராக நீர்த்து அங்கே மட்டும் ஓட விடுங்கள்.

ஸ்பிரேதான் வேண்டும் என்றால் வெயில் ஏறிய பிறகு, காற்று அடங்கிய இடத்தில், முதலில் ஒரு பழைய பிளாஸ்டிக் துண்டில் அடித்துப் பாருங்கள்.