மூன்றரை வயதுக் கைக்கு நாலுகோட்டுக் கொப்பி எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

பிள்ளை விளையாட்டுச் சாமான்களை எல்லாம் உடைக்கிறான். என்ன செய்யலாம்? – நிலாவெளி வாசகர்

வயது எங்கே? ஒன்றரை வயதில் உடைப்பது வேறு, எட்டு வயதில் உடைப்பது வேறு. வயதை எழுதுங்கள் என்று எத்தனை முறை கேட்பது! இப்போதைக்கு ஒன்று: உடைந்த சாமானுக்குள் வட்டப் பற்றரி இருந்தால் உடனே அகற்றுங்கள். விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மகளுக்கு ஏழு மாதம். வோக்கர் வாங்கலாமா? – தம்பலகாமம்

வேண்டாம். கனடாவில் 2004 முதல் விற்கவே தடை. நடை பிந்தும், படியில் உருளும். பாயில் குப்புற விட்டு, கைக்குச் சற்று எட்டாமல் ஒரு சிரட்டையை வையுங்கள்.

மகனுக்கு மூன்றரை வயது. முன்பள்ளியில் விளையாட்டுத்தான், எழுத்தே பழக்கவில்லை. வேறு இடத்துக்கு மாற்றட்டுமா? – உப்புவெளித் தாய்

மாற்றாதீர்கள் தங்கச்சி. அப்படியொரு ரீச்சர் கிடைப்பதே அரிது. நான் பார்க்கிற பல இடங்களில் இந்த வயதுக்கு நாலுகோட்டுக் கொப்பியும் பக்கம் பக்கமாக ‘அ’வும்தான். பிள்ளை பென்சிலை உள்ளங்கையால் பொத்திப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தோளால் எழுதுகிறது. விரலில் பலமில்லை, அதனால்தான் தோள் வேலை செய்கிறது. மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் இந்த வயதில் பாதியளவுதான் எலும்பாகியிருக்கும், மிச்சம் குருத்தெலும்பு. அந்தக் கையை அடித்து எழுத வைக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

ஈர மண்ணைச் சிரட்டையில் அடைத்துப் புட்டு அவிக்கட்டும். ரொட்டி மாவை உருட்டட்டும். உடுப்புக் கொடியில் கிளிப் மாட்டட்டும். பென்சில் பிடிக்கும் விரல்கள் அங்கேதான் உருவாகின்றன. கடை வைத்து விளையாடும்போது இலைக்காசு எண்ணுகிறான், பேரம் பேசுகிறான், தன் முறை வரும்வரை பொறுத்திருக்கிறான். இதெல்லாம் படிப்பில்லையா? தரம் 5 புலமைப்பரிசிலுக்கு இன்னும் ஆறு வருடத்துக்கு மேல் கிடக்கிறது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, விளையாட்டைப் பிள்ளையின் உரிமை என்கிறது. அந்த உரிமையைக் கொப்பிக்குக் காவு கொடுக்காதீர்கள்.

இரண்டு வயது மகள் போனில் பாட்டுப் போட்டால்தான் சாப்பிடுகிறாள். ‘அம்மா’, ‘தா’ தவிரப் பேச்சில்லை. – மூதூர்

இரண்டு வயதில் ‘பால் தா’ என்று இரண்டு சொல் சேர வேண்டும். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே கிளினிக் போங்கள். காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். தானாகச் சரிவரும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வயதுக்குத் திரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாப்பாட்டு நேரத்தில் அதுவும் வேண்டாம். போன் பேசும், ஆனால் பிள்ளை பதில் சொல்லும்வரை காத்திருக்காது, நீங்கள் காத்திருப்பீர்கள்.

ஐந்து வயது மகன் எப்போதும் சோறு கறி சமைத்தே விளையாடுகிறான். ஆண்பிள்ளை அல்லவா? – கிண்ணியாத் தந்தை

விளையாடட்டும். நீங்களும் உட்கார்ந்து ஒரு பிடி ‘சாப்பிடுங்கள்’.

பிள்ளைகளைத் திருகோணமலை டச்சுபே கடற்கரையில் விளையாட விடலாமா? – நகரவாசி

இவரும் வயது எழுதவில்லை. கச்சான் (தென்மேற்குக்) காற்றுக் காலத்தில் மணல் கொதிக்கும், நாலு மணிக்குப் பிறகு போங்கள். வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தில் கடல் பொல்லாதது, மணலோடு நிறுத்துங்கள். எந்தக் காலமானாலும் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும், போனைப் பையில் போட்டுவிட்டு.