பம்பில் இல்லாத 2 ஹெர்ட்ஸ்

வணக்கம் ஐயா,
தோட்டத்து மோனோபிளாக் பம்பின் மேல் ஏடிஎக்ஸ்எல்335 என்ற அதிர்வு அளக்கும் சென்சார் போர்டை ஒட்டி, அர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையில் நொடிக்கு 50 தடவை அளக்கிறேன். மோட்டார் 2880 ஆர்பிஎம். வரைபடத்தில் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை ஏறியிறங்கும் அலை தெரிகிறது. பவுண்டேஷன் போல்ட் தளர்ந்துவிட்டதா? சாம்ப்ளிங் ரேட், அதாவது நொடிக்கு அளக்கும் தடவை, எவ்வளவு வைக்கலாம்?
செ.

அன்புள்ள செ.,

போல்ட்டில் கை வைக்கும் முன் 2880-ஐ 60-ஆல் வகுத்துப் பாருங்கள். ஷாஃப்ட் நொடிக்கு 48 சுற்று. நீங்கள் பார்ப்பதோ 50 முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த அலை; அது போலி. சாம்ப்ளிங்கை 60 ஆக்குங்கள், அலை 12 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 12 முறைக்கு, தாவிவிடும். நிஜமான அதிர்வு நாம் அளக்கும் வேகத்துக்கேற்ப இடம் மாறாது.

பதிவான பின் மென்பொருளில் இதை வடிகட்ட முடியாது. எண்ணாக மாறும்போதே போலியும் நிஜமும் கலந்துவிடுகின்றன. தடுப்பு, மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஏடிசிக்கு முன்னால்தான் இருக்க வேண்டும்.

நீங்கள் பார்க்க வேண்டியவை: சமநிலைக் கோளாறுக்கு 48, அலைன்மென்ட்டுக்கு 96, மின்சாரத்தால் வருவது 100, இம்பெல்லரில் (நீரைத் தள்ளும் சக்கரம்) 6 இதழ் இருந்தால் 288. ஆக, 300 ஹெர்ட்ஸ் வரை. அதற்கு இருமடங்காக 600 போதும் என்பது ஏட்டுக் கணக்கு. செங்குத்தாக வெட்டும் வடிகட்டி உள்ள அதிர்வுக் கருவிகளே 2.56 மடங்கு எடுக்கின்றன. உங்களிடம் இருப்பது ஒற்றை ஆர்சி, அதாவது ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்த எளிய வடிகட்டி: சென்சாருக்குள் 32 கிலோ ஓம், போர்டில் பெரும்பாலும் 0.1 மைக்ரோஃபாரட். அது 50 ஹெர்ட்ஸிலேயே மட்டுப்படுத்திவிடும். அந்தக் கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு 0.01 வையுங்கள், வெட்டும் இடம் 500 ஆகும். சாம்ப்ளிங் 2000. 1700 ஹெர்ட்ஸ் அதிர்வு 300 போல நுழைந்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வரும்.

சறுக்கல் அதிகம் நேர்வது கணினிக்குத் தரவு அனுப்பும் சீரியல் போர்ட்டில். 115200 வேகத்தில் நொடிக்கு 11520 பைட்தான் போகும். மூன்று அச்சையும் எழுத்தாக அனுப்பினால் வரிக்கு 13 பைட். 886 வரிக்கு மேல் தாங்காது. அனுப்பக் காத்திருக்கும் தரவுக்கான பஃபர் நிரம்பியதும் புரோகிராம் காத்து நிற்கும், மாதிரிகளின் இடைவெளி குலையும். ஒரே அச்சை, சீரான இடைவெளியில் அளவைத் தூண்டும் டைமர் இன்டரப்ட்டில் அளந்து, எழுத்தாக மாற்றாமல் இரண்டு பைட் பைனரியாக அனுப்புங்கள்.

96-ஐயும் 100-ஐயும் பிரித்தறிய வேகத்தைக் கூட்டிப் பயனில்லை; ஒரு நொடிக்குக் குறையாத தொடர்ச்சியான பதிவு வேண்டும்.

போல்ட் தளர்ந்திருந்தால் 48-லும் அதன் மடங்குகளிலும் தெரியும். போல்ட்டை இறுக்குவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று எனப் பதிவெடுத்து ஒப்பிடுங்கள். போர்டை ஃபோம் டேப்பில் ஒட்டியிருந்தால் முதலில் அதை மாற்றி ஸ்க்ரூ போட்டுவிடுங்கள்.